அக்னிவீர் எழுத்துத் தேர்வு: பொது அறிவியலுக்குச் சேலத்துப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் விடியற்காலையில் போய் நின்றால், 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பாடுபடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஓட்டத்தில் குறையில்லாத அவர்களில் பலருக்கு எழுத்துத் தேர்வுதான் தடை. 2023 முதல் இணையவழிப் பொது நுழைவுத் தேர்வை முதலில் வைத்து, அதில் தேறியவர்களை மட்டுமே ராணுவம் உடல்தகுதித் தேர்வுக்கு அழைக்கிறது. அந்தத் தாளில் அறிவியல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டாத பகுதிதான். ஆறு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் தாளிலேயே அதிகம் கைகொடுக்கும் பகுதியாக இதை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: தாளைத் தெரிந்துகொள்வது

பொதுப்பணிப் பிரிவுக்கு 50 கேள்வி, 60 நிமிடம், 100 மதிப்பெண். சரியான விடைக்கு 2; தவறுக்கு அரை மதிப்பெண் போகும். பொது அறிவு, பொது அறிவியல், கணிதம், தர்க்கம் என்று நான்கு பகுதி. தொழில்நுட்பப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் கதை வேறு: இயற்பியலும் வேதியியலும் தனித்தனிப் பகுதிகளாக, பன்னிரண்டாம் வகுப்புத் தரத்தில் வரும். தமிழிலும் எழுதலாம். கேள்விப் பங்கீட்டை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டி நூலை நம்பி இருக்காதீர்கள்.

தவறுக்கு மதிப்பெண் போகிறது என்று பயந்து பலர் பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத் தொடாமலே விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரி வரவு 0.125 மதிப்பெண். லாபம் என்று சொல்ல முடியாது, நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து அதை ஒதுக்கினால் 0.33; இரண்டை ஒதுக்க முடிந்தால் 0.75. அதனால் ஒன்றையாவது ஒதுக்க முடிகிற கேள்வியை விடவே கூடாது. ஒன்றுமே தெரியாத கேள்வியில் மட்டும் நேரத்தைச் செலவிடாமல் நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எதை, எந்த வரிசையில் படிப்பது

சமச்சீர் பாடநூல் ஆறு முதல் பத்து வரை போதும். ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் எட்டுக்கு வருவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். ஒன்பதும் பத்தும் முதலில்; பிறகு எட்டு; ஆறையும் ஏழையும் கடைசி வாரத்தில் வேகமாகப் புரட்டுங்கள். பாடத்துக்கு நடுவே வரும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டியையும் பாட இறுதியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களையும் விடாதீர்கள். ஒற்றை வரிக் கேள்விகளுக்கு ஏற்ற செய்திகள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. வினாத்தாள் மொழிபெயர்ப்பாக இருப்பதால், உந்தம் என்று படிக்கும்போதே மொமென்டம் என்பதையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

தினமும் ஒன்றரை மணி நேரம்: முதல் ஒரு மணி புதுப் பாடம், அடுத்த அரை மணி நேற்றுப் படித்ததிலிருந்து புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. முதல் இரண்டு வாரம் இயற்பியல், மூன்றாவது வாரமும் நான்காவதில் பாதியும் வேதியியல், பிறகு ஒன்றரை வாரம் உயிரியல், மிச்சம் பயிற்சித் தாள். இயற்பியலுக்கு அதிக நாள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்தால் நிற்காது. புரிந்துகொண்டால் மறுபடி படிக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: இயற்பியல்

அலகுகளிலிருந்து தொடங்குங்கள். விசை நியூட்டன், வேலையும் ஆற்றலும் ஜூல், திறன் வாட், அழுத்தம் பாஸ்கல், அதிர்வெண் ஹெர்ட்ஸ், மின்னோட்டம் ஆம்பியர், மின்தடை ஓம், மின்னூட்டம் கூலூம், லென்ஸின் திறன் டயாப்டர். ஒளியாண்டு தொலைவின் அலகு. காலம் என்று குறித்து மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. கிலோவாட் மணி ஆற்றலின் அலகு. வாட் என்ற சொல் உள்ளே இருப்பதால் திறன் என்று நினைத்துவிடுகிறார்கள். மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது இந்த ஒரு கிலோவாட் மணிதான், 36 லட்சம் ஜூல். 60 வாட் மின்விசிறி தினம் 10 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட்.

நிறையும் எடையும் வேறு வேறு. 60 கிலோ நிறையுள்ளவரின் எடை பூமியில் 588 நியூட்டன் (60 × 9.8). நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, அதனால் எடை 98 நியூட்டன். நிறை அங்கேயும் 60 கிலோதான்.

உந்தமும் மூன்றாம் விதியும் ராணுவத் தேர்வுக்கென்றே செய்தவை போன்ற பாடங்கள். 4 கிலோ துப்பாக்கியிலிருந்து 10 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டரில் பாய்கிறது என்றால், குண்டின் உந்தம் 0.01 × 800 = 8. துப்பாக்கியும் பின்பக்கம் அதே 8-ஐப் பெற வேண்டும், எனவே அதன் பின்னுதைப்பு வேகம் 8 ÷ 4 = விநாடிக்கு 2 மீட்டர். கிராமைக் கிலோவாக மாற்ற மறந்தால் விடை 2,000 என்று வரும். அந்தத் தவறான எண்ணும் நான்கு விடைகளில் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இயக்கவியல் பாடம் பாதி இருக்கிறது. மணிக்கு 72 கி.மீ. என்பது விநாடிக்கு 20 மீட்டர் (5/18-ஆல் பெருக்க வேண்டும்). அந்த வேகத்தில் போகும் வண்டி 4 விநாடியில் நின்றால் எதிர்முடுக்கம் 5, ஓடிய தூரம் 40 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் அதே பிரேக் விசைக்கு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. வளைவில் வண்டியைத் திருப்பும் மையநோக்கு விசையை டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு தருகிறது. மழையில் உராய்வு குறைவதால் வண்டி வெளிப்பக்கம் சறுக்குகிறது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறிப் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். லாரிக்காரர்கள் கீழ் கியரில் இறங்குவது இதனால்தான்.

அதே பாதையில் வளிமண்டல அழுத்தப் பாடமும் நடக்கிறது. அடிவாரக் கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பிக்கொண்டு வரும்; உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்க, வெளியே அழுத்தம் குறைகிறது. காது அடைப்பதும் இதே காரணத்தால்தான். எச்சில் விழுங்கினால் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழல் திறந்து இருபக்க அழுத்தமும் சமமாகும். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 635 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் அங்கே 95 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும்.

அடுப்பில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகச் சேலத்தைவிட ஏற்காட்டில் கூடுதல் நேரம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் பருப்புக்குக் கிடைக்கும் சூடு 95 டிகிரிதான். குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்கு ஏற்றுகிறது. உயரம் கூடினால் கொதிநிலை குறையும், அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். ‘மலையில் சமையல் ஏன் தாமதம்’ என்ற கேள்விக்கு ‘குளிர் அதிகம்’ என்ற விடையைத் தொடாதீர்கள்.

இன்னொரு கண்ணி: உயரத்தில் ஆக்சிஜனின் சதவீதம் குறைவதில்லை, 21 சதவீதமாகவே இருக்கிறது. காற்றின் மொத்த அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. லடாக்கிலுள்ள லே போல் 3,500 மீட்டர் உயரத்துக்குப் போகும் வீரர்களுக்கு உடல் பழக நாள் ஒதுக்குவது இதற்காகத்தான். அங்கே தங்கத் தங்க ரத்தச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை கூடும்.

திரவ அழுத்தத்துக்கு மேட்டூர் அணை. 1934-இல் கட்டி முடித்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, சுமார் 36 மீட்டர். அடியில் நீரின் அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × ஆழம் = 1,000 × 10 × 36 = 3,60,000 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல். அணைச்சுவரின் அடிப்பகுதி அகலமாக இருப்பது இதனால். அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. நீர்த்தேக்கம் எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கேயே நீர்மின் நிலையத்தில் நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகி மின்னாற்றலாகிறது. பக்கத்து அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வேதி ஆற்றல் வெப்பமாகி, இயந்திர ஆற்றலாகி, மின்னாற்றலாகிறது. இந்த வரிசையைக் கேட்பார்கள்.

ஒளியில் ஆடி, லென்ஸ் குழப்பம் ஒன்றே பெரிது. வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி குவி ஆடி, பிம்பம் சிறியதாகவும் பார்வைப் பரப்பு அகலமாகவும் இருக்கும். முகப்பு விளக்கிலும் பல் மருத்துவரிடமும் இருப்பது குழி ஆடி. கொண்டை ஊசி வளைவில் நட்டிருக்கும் கண்ணாடியும் குவி ஆடிதான். கிட்டப்பார்வைக்குக் குழி லென்ஸ், தூரப்பார்வைக்குக் குவி லென்ஸ். குவியத்தூரம் 50 செ.மீ. என்றால் திறன் 1 ÷ 0.5 = 2 டயாப்டர்; சென்டிமீட்டரை மீட்டராக மாற்றிய பிறகே வகுக்க வேண்டும். எளிய பெரிஸ்கோப்பில் 45 டிகிரி சாய்வில் இரண்டு சமதள ஆடிகள். ஒளியிழையும் வைரத்தின் மினுக்கமும் முழு அக எதிரொளிப்பு.

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், தண்ணீரில் 1,500, இரும்பில் 5,000, வெற்றிடத்தில் போகாது. சேர்வராயன் மலைமேல் மின்னல் தெரிந்து 6 விநாடி கழித்து இடி கேட்டால் அது சுமார் 2 கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தது. சோனாருக்கு மீயொலி, ரேடாருக்கு ரேடியோ அலை.

மின்சாரத்தில் ஐந்து வரி: அம்மீட்டர் தொடர் இணைப்பில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில், வீட்டு மின்சுற்று பக்க இணைப்பு, மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டும் இயங்கும், ஃபிளெமிங்கின் இடக்கை விதி மோட்டாருக்கு, வலக்கை விதி ஜெனரேட்டருக்கு.

நான்காம் படி: வேதியியல்

சேலத்தில் பிறந்தவர்களுக்கு உலோகவியல் பாடம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், இரும்பின் தாது. சேர்வராயன் மலைமேல் வெட்டியெடுத்தது பாக்சைட், அலுமினியத்தின் தாது. மலையடிவாரத்தில் வெள்ளையாகக் கிடப்பது மேக்னசைட், வேதிப்பெயர் மெக்னீசியம் கார்பனேட். மேக்னடைட், மேக்னசைட் இரண்டும் பெயரில் நெருங்கி வருவதால் இடம் மாறிவிடும். கறுப்பாகக் காந்தத்தில் ஒட்டுவது இரும்புத் தாது, வெள்ளையாக இருப்பது மெக்னீசியத் தாது என்று நிறத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். இது வெப்பச் சிதைவு வினை. மெக்னீசியம் ஆக்சைடு உருகச் சுமார் 2,800 டிகிரி வேண்டும், அதனால் எஃகு உலையின் உள்பக்கம் பதிக்கும் தீச்செங்கலுக்கு அது ஏற்றது. பாக்சைட்டைத் தூய்மையாக்கும் முறைக்குப் பேயர் முறை என்றும், அதிலிருந்து மின்னாற்பகுப்பால் அலுமினியம் எடுப்பதற்கு ஹால் முறை என்றும் பெயர். பூமியின் மேலோட்டில் அதிகமுள்ள உலோகம் அலுமினியம்; அதிகமுள்ள தனிமம் ஆக்சிஜன். கேள்வியில் ‘உலோகம்’ என்று இருக்கிறதா ‘தனிமம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலம் உருக்காலையில் செய்வது துருப்பிடிக்காத எஃகு: இரும்போடு குரோமியம், பெரும்பாலும் நிக்கல். மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிந்து காற்றையும் ஈரத்தையும் தடுப்பதால் துரு ஏறுவதில்லை. பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும், வெண்கலம் என்பது தாமிரமும் வெள்ளீயமும், பற்றாசு என்பது காரீயமும் வெள்ளீயமும். இரும்பின்மேல் துத்தநாகம் பூசுவது கால்வனைசிங்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு நாள்பட்டுக் கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு உண்டாவதால். ‘ஆக்சைடு’ என்பது தவறான விடை. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகமும் வெள்ளிதான். தாமிரம் விலை குறைவு என்பதால் கம்பிக்குப் பயன்படுகிறது.

சேகோ ஃபேக்டரியில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலைத் தொட்டியில் தேக்கி மாவைப் படியவிடுவது பிரித்தெடுத்தல் முறைகளில் ஒன்று, வண்டலாகப் படியவைத்தல். ஜவ்வரிசிமேல் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம் ஆகும். அது ஸ்டார்ச்சுக்கான சோதனை.

மாம்பழப் பருவத்தில் பேச்சு அடிபடும் கார்பைடுக் கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளிவரும், அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும் என்பதால் பழம் பழுக்க வைக்க அதற்குத் தடை இருக்கிறது. பழத்தை இயற்கையாகப் பழுக்க வைக்கும் ஹார்மோன் எத்திலீன். அசிட்டிலீன், எத்திலீன் இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்கலாம்.

பட்டியலாகவே மனத்தில் ஏற்ற வேண்டியவை சில உண்டு, வேறு வழியில்லை. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக், வினிகரில் அசிட்டிக், எறும்புக் கடியில் ஃபார்மிக், வயிற்றில் ஹைட்ரோகுளோரிக். சமையல் சோடா சோடியம் பைகார்பனேட், சலவைச் சோடா சோடியம் கார்பனேட், சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு, நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. பி.ஹெச். மதிப்பு தூய நீருக்கு 7, ரத்தத்துக்கு 7.4. சோடியத்தை மண்ணெண்ணெயில், வெள்ளைப் பாஸ்பரஸைத் தண்ணீரில் வைப்பார்கள். அறை வெப்பத்தில் திரவமான உலோகம் பாதரசம், திரவமான அலோகம் புரோமின். உலர் பனி திட கார்பன் டை ஆக்சைடு.

ஐந்தாம் படி: உயிரியல்

இங்கே விதியைவிட விதிவிலக்கையே கேட்பார்கள். தமனி ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தை எடுத்துச் செல்லும். நுரையீரல் தமனி மட்டும் ஆக்சிஜன் குறைந்ததை எடுத்துச் செல்லும். சிரைக்கு நேர்மாறு. நாளமுள்ள சுரப்பியாகவும் நாளமில்லாச் சுரப்பியாகவும் வேலை செய்வது கணையம். மிகப்பெரிய உறுப்பு தோல், மிகப்பெரிய சுரப்பி கல்லீரல். எல்லோருக்கும் ரத்தம் தரக்கூடிய வகை ஓ நெகட்டிவ், எல்லோரிடமும் பெறக்கூடியது ஏபி பாசிட்டிவ்.

கிழங்கு என்று பேச்சில் ஒரே சொல்லாகச் சொன்னாலும் தாவரவியலில் பிரிவு உண்டு. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கேரட் வேர். உருளை, இஞ்சி, மஞ்சள் தண்டு. மஞ்சளையும் உருளையையும் வேர் என்று குறிப்பவர்களே அதிகம்.

நோய்களை மூன்று கட்டமாக எழுதுங்கள்: நோய், கிருமி, பரப்புவது. மலேரியா: பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் உயிரி, பெண் அனோபிலஸ். டெங்கு: வைரஸ், ஏடிஸ். யானைக்கால்: புழு, க்யூலெக்ஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது, உண்டாக்குவது பிளாஸ்மோடியம். காசநோய், டைஃபாய்டு, காலரா பாக்டீரியா. போலியோ, ரேபிஸ், தட்டம்மை வைரஸ்.

வைட்டமின் குறைபாடு: ஏ மாலைக்கண், பி1 பெரிபெரி, சி ஸ்கர்வி, டி ரிக்கெட்ஸ், கே ரத்தம் உறையாமை. கொழுப்பில் கரைபவை ஏ, டி, ஈ, கே.

ஆறாம் படி: இரட்டைப் பெயர்களும் பிழை நோட்டும்

ஹைட்ரோமீட்டர் திரவ அடர்த்திக்கு, ஹைக்ரோமீட்டர் காற்றின் ஈரப்பதத்துக்கு. ஸ்பீடோமீட்டர் வேகத்துக்கு, ஓடோமீட்டர் கடந்த தூரத்துக்கு. பாரோமீட்டர் வளிமண்டல அழுத்தம், மானோமீட்டர் வாயு அழுத்தம், பைரோமீட்டர் மிக உயர்ந்த வெப்பநிலை. இப்படி ஒலி நெருங்கிய பெயர்களை ஒரே வரியில் அருகருகே எழுதிப் படித்தால்தான் பிரிந்து நிற்கும். தனித்தனிப் பக்கத்தில் படித்தவை தேர்வில் கலந்துவிடும்.

ஐந்தாம் வாரக் கடைசியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் முழுத் தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். எழுதிய பிறகு தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை நோட்டில் குறியுங்கள்: தெரியாதது, குழம்பியது, அலகு மாற்றாதது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. முதல் வகைக்குப் பாடநூலைத் திறக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் புதிதாகப் படித்துப் பயனில்லை. அதே கேள்வியை மூன்று நாள் கழித்து மறுபடி போட வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குத் தாவுகிறவர்களுக்கு இருபது தாள் எழுதினாலும் எண் நகர்வதில்லை.

ஏழாம் படி: தேர்வு அறையில்

ஒரு கேள்விக்குச் சராசரி 72 விநாடி. அறிவியல் கேள்வி பெரும்பாலும் 30 விநாடியில் முடியும், அதனால் அதை முன்னால் போட்டு மிச்ச நேரத்தைக் கணக்குக்குக் கொடுங்கள். ‘எது தவறு’, ‘எது பொருந்தாது’ என்று முடியும் கேள்விகளில் கடைசிச் சொல்லை இரண்டு முறை படியுங்கள். எண் விடைக் கேள்வியில் கணக்கைத் தொடங்குமுன் நான்கு விடைகளின் அலகுகளையும் பாருங்கள். ஜூலும் கிலோஜூலும் ஒரே கேள்வியில் கலந்திருக்கலாம். சந்தேகமுள்ளதைக் குறியிட்டுவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள், அப்போது ஒதுக்க முடிகிற விடைகளை ஒதுக்கிவிட்டு ஒன்றைத் தொடுங்கள். முன்பே குறித்த விடையை, உறுதியான காரணம் கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள்.